முழங்கால் தடம்

எந்தத் தொழுகைக் கம்பளமும் பழசாக நெய்யப்பட்டு வருவதில்லை. அதைப் பழசாக்கத்தான் ஆரூரன் லொங்குய் நகரில் இருந்த தன் கம்பளக் கடையில் தவமலரை வைத்திருந்தான். துருக்கியிலிருந்து புத்தம் புதிதாக வந்திறங்கும் கம்பளத்தில், வளைவு நெய்த தலைப்பக்கத்தில் நெற்றி படும் இடத்தை அவள் கல்லால் தேய்க்க வேண்டும். கதிரையில் இருந்து தேய்க்கக் கூடாது, முழங்காலில் நின்றே தேய்க்க வேண்டும் என்பது அவன் கட்டளை. கை நெற்றித் தடத்தைப் போடும்போதே கால் முழங்கால் தடத்தைப் போட்டுவிடுமாம். பதினொரு வருடமாக அந்தக் கம்பளங்களில் அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் சீக்கிரம் ஐந்து மணியாகட்டும் என்பதுதான்.

அன்று அவள் தடியூன்றிக் கடைக்கு வந்தபோது, ஒரு வெள்ளைக்காரி அந்தத் தடங்களைத் தடவிக் கண் கலங்கிக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பமே எண்பது வருடம் தொழுத கம்பளம் என்று ஆரூரன் பிரெஞ்சில் உருகினான். தவமலரின் முழங்கால் அதில் பதிந்தது போன தை மாதம்.

வெள்ளைக்காரி கம்பளத்தோடு போனதும் தவமலர் வாயைத் திறந்தாள்.

"தம்பி, ரெண்டு முழங்காலும் தேஞ்சு போட்டுது. இனி முழங்காலிலை நிக்கக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இருந்து செய்யிற வேலை ஏதும் தாங்கோவன்."

ஆரூரன் முதல்முறையாகக் குனிந்து அவள் முழங்கால்களைப் பார்த்தான்.

"ஐயோ, பாவமக்கா நீங்கள்," என்றான். புதிதாக வந்த கம்பளமொன்றை விரித்துக்கொண்டே கேட்டான்:

"போன மாதம் ஊரிலையிருந்து வந்தாவெல்லோ உங்கட தங்கச்சி, அவாக்கு முழங்கால் எப்பிடி?"