வலி நின்ற காலை

எங்கள் தெருவின் இரண்டு முனைகளையும் தகரம் வைத்து அடைத்த நான்காம் நாள் என் மனைவிக்கு வயிறு வலித்தது. திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்குப் பழகிய காதுகள் எங்களுடையவை. அந்த ஊரடங்குக் கோடையில் பட்டப்பகலிலேயே கடல் சத்தம் கூடம் வரை வந்தது. பக்கத்து அறையில் யாரோ மூச்சு விடுவது போலிருக்கும். பக்கத்து அறையில் யாருமில்லை.

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி மறுநாள் வலது அடிவயிற்றில் நிலைத்தது. கிளினிக்கை மூடிவிட்டிருந்த எங்கள் டாக்டர் போனில் சொன்னார்: "குடல்வால் மாதிரி தெரியுது. வேற நேரமா இருந்தா உடனே ஆபரேஷன்னு சொல்லுவேன். இப்ப கொரோனா டெஸ்ட் இல்லாம எங்கயும் சேர்க்கறதில்ல. ஆன்டிபயாடிக் குடுங்க. வலி அதிகமானா கிளம்பிடுங்க."

அதிகமானது. நான் கிளம்பவில்லை, விண்ணப்பம் எழுதினேன். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. தெருவை விட்டு வெளியேற அனுமதி கோரி, டாக்டரின் சீட்டு, ஆதார், குடும்ப அட்டை எல்லாம் இணைத்து மாநகராட்சி அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. "படிச்சிட்டாங்க" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி முனகினாள்.

மருத்துவ அவசரத்துக்கு அனுமதி தேவையில்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தகரத்தின் வெளிப்பக்கத்தில்.

வலி தொடங்கிய மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு முனகல் நின்றது. எட்டிப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். "வலியே இல்லீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடையதாக இல்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, கையோ ஜில்லென்றிருந்தது. ஆனாலும் மருந்து கேட்டது என்றே முடிவு செய்தேன். விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கும்படி முறையாக இன்னொரு செய்தியும் அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு எதிர்வீட்டு மீன்கார அம்மா ஜன்னலுக்கு வந்தாள்.

"இன்னா சார், அக்கா சத்தத்தையே காணோம்? ரெண்டு நாளா கத்திக்கினு கெடந்துச்சே."

"வலி போயிடுச்சும்மா."

"எங்க போச்சு?" அவள் முகம் மாறியது. "எங்க மாமாவுக்கு லாஞ்சுல இப்டித்தான் சார். வலி நின்னுச்சு, சிரிச்சிக்கினே கஞ்சி குடிச்சாரு. கரைக்கு வர்றதுக்குள்ள ஆளு இல்ல. கெளம்பு சார்!"

"பர்மிஷன் வரணும்மா..."

"யாராண்ட பர்மிஷன்? எமனாண்டயா? யோவ், வூட்ல கீறியா? வந்து தகரத்தப் பிரி!"

அவள் புருஷன் கடப்பாரையோடு வந்தான். மீன் ஏற்றும் குட்டியானை வண்டியில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். டோல்கேட்டில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். கையோடு எடுத்து வந்திருந்த விண்ணப்ப ஃபைலைத் திறந்தேன். அவர் ஃபைலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "பேப்பர் இன்னாத்துக்கு சார்? போ, போ" என்றார்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உறைக்குள் இருந்தார்கள். ஓர் உறை மட்டும் என்னிடம் பேசியது.

"வலி எப்ப நின்னுச்சு?"

"பத்து மணிக்கு."

கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் கடிகாரத்தைப் பார்த்தன. மணி ஒன்றரை.

"குடல்வால் வெடிச்ச உடனே கொஞ்ச நேரம் வலி நிக்கும். இப்ப வயிறு முழுக்க சீழ் இருக்கும். டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க முடியாது. தொற்று இருக்குன்னே வச்சுக்கிட்டுப் பண்றோம். கையெழுத்துப் போடுங்க."

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

உள்ளே விடவில்லை. வாசலில் ஆளுக்கொரு வட்டம் வரைந்திருந்தார்கள். ஐந்து நாள் பகலெல்லாம் ஒரு வட்டத்துக்குள் நின்றேன். தினமும் மாலை போனில் ஒரு குரல் "இருக்காங்க" என்று மட்டும் சொல்லும். அது ஆணா பெண்ணா என்று முகக்கவசத்தைத் தாண்டித் தெரியாது.

ஆறாம் நாள் ஒரு நர்ஸ் வீடியோவில் அவளைக் காட்டினாள். கன்னம் ஒட்டியிருந்தது, மூக்கில் குழாய்.

"நான் அவ்வளவு கத்தினேனே," என்றாள், "எதுக்குங்க காத்துக்கிட்டிருந்தீங்க?"

கேள்வி நேராக இருந்தது. விண்ணப்பம் அனுப்பிய தேதியைச் சொல்லத் தொடங்குகையில், அடுத்த படுக்கைக்கு நேரமாகிவிட்டது என்று நர்ஸ் போனை எடுத்துக்கொண்டாள்.