மார்க்கையன்கோட்டையில் பாதி டம்ளர் காப்பி

தேனி பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது காலை ஆறே முக்கால். ஆடி மாதம். இந்தப் பக்கத்து ஆடிக் காற்றை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வேட்டி கட்டியவன் ஒரு கையை வேட்டிக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். நான் பேன்ட் போட்டிருந்தேன், தப்பித்தேன். என் தோள்பையில் மாற்றுச் சட்டை ஒன்றும், நான்கு பாக்கெட் காப்பித் தூளும் இருந்தன.

சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி, காப்பி விளைகிற மலையடிவாரத்துக்கு ஒருவன் காப்பித் தூள் சுமந்து வருகிறான் என்றால் அவனுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். என் மனைவியும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் பத்து நாளுக்கு முன்னால் வந்த ஒரு தொலைபேசி அழைப்பை என்னால் தட்ட முடியவில்லை.

"அண்ணே, அவுக மெட்ராஸ்ல இருந்தப்ப என்ன காப்பித்தூள் குடிச்சாக? பேரு ஞாபகமிருக்கா?"

பேசியது ஈஸ்வரி. "அவுக" என்றால் அவள் கணவன் செல்வராசு. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் பத்துப் பதினோரு வருடம் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன். பிறகு ஊருக்குப் போய், கல்யாணம் செய்து, வாழைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்பு மோட்டார் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. செத்துப்போனவன் குடித்த காப்பித் தூள் இப்போது எதற்கு என்று கேட்டேன். "திதி வருதுண்ணே. நேர்ல வாங்க, சொல்றேன். போன்ல சொல்ற விசயமில்ல" என்றாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்க் காப்பி வரிசையின் முன்னால் நின்றேன். பச்சைப் பாக்கெட், தங்க நிறப் பாக்கெட், சிவப்பு மூடி பாட்டில், சிக்கரி கலந்தது, கலக்காதது, மூன்று ரூபாய் பொட்டலம் என்று ஒரு சுவர் நிறைய இருந்தது. உண்மையைச் சொன்னால் எங்கள் அறையில் இன்ன கம்பெனி என்றே கிடையாது. எந்தத் தூளுக்கு ஸ்பூன் இலவசமோ அதுதான் அந்த மாதக் காப்பி. கல்யாணமாகாத இரண்டு ஆம்பளைகளிடம் முப்பது ஸ்பூன் இருந்தது. கலைந்த ஞாபகத்தை வைத்து நான்கு பாக்கெட்டை எடுத்துப் போட்டேன்.

தேனியிலிருந்து சின்னமனூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். பழனிசெட்டிபட்டி தாண்டியதுமே வயல் தொடங்கிவிடுகிறது. வீரபாண்டியில் ஆறு கரை தொட்டு ஓடியது. பெரியாற்றுத் தண்ணீர் திறந்தாயிற்று என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சீலையம்பட்டிப் பக்கம் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலையைச் சாய்த்து நின்றன. கிழக்கே மேகமலை உச்சி தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது.

எட்டேகாலுக்குச் சின்னமனூர். அங்கிருந்து மார்க்கையன்கோட்டை ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். வழியெல்லாம் நெல் விலை, வாழைத்தார் விலை என்று பேசிக்கொண்டே ஓட்டினார். யார் வீட்டுக்கு என்று கேட்டார்.

"செல்வராசு வீடு. அண்ணன் பாண்டி பக்கத்து வீட்டில் இருக்கிறார்."

"காப்பி வீடா?" என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "இங்கனயே எறங்கிக்கங்க சார், உள்ள வண்டி திருப்ப எடமில்ல" என்றார். லாரி திரும்புகிற அகலத்தில் தெரு கிடந்தது. நான் காசு கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

வாசலிலேயே பாண்டியண்ணன் நின்றிருந்தார். அறுபது வயதை நெருங்குகிறவர், தம்பியைப் போலவே ஒடிசலான ஆள். "வாங்க தம்பி, ராத்திரியெல்லாம் பஸ்ஸுல தூங்குனீகளா?" என்று பையை வாங்கினார். கை கால் கழுவி உட்கார்ந்ததும் அவரே விஷயத்தைச் சொன்னார். ஈஸ்வரி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கத்தில் திதி அன்று இலையில் படையல் போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். போனவர் வந்து சாப்பிட்டுப் போக அந்த நேரம். சோறு, குழம்பு, வடையோடு அவருக்குப் பிடித்ததையும் வைப்பார்கள். செல்வராசுக்கு வைத்தது காப்பி. முதல் வருடம் கதவைத் திறந்தபோது சோறு அப்படியே இருந்தது. டம்ளரில் காப்பி மட்டும் பாதிதான் இருந்தது.

"பூனையாயிருக்கும்னுதான் நெனச்சோம். போன வருசம் சன்னலெல்லாம் சாத்தி, கொண்டி போட்டு, நானே சுத்திச் சுத்திப் பாத்துட்டு வெளிய வந்தேன். அப்பவும் பாதிதான் தம்பி."

"மிச்சக் காப்பியை என்ன செய்தீர்கள்?"

"துவைக்கிற கல்லுகிட்ட ஊத்துனோம். சீனி போட்ட காப்பி. ஒரு எறும்பு வரல."

கோடங்கியிடம் குறி கேட்டிருக்கிறார்கள். காப்பி பிடிக்காமல் பாதியில் எழுந்து போகிறான், மனசு நிறையாமல் போகிறவன் வீட்டைச் சுற்றித்தான் நிற்பான் என்று உடுக்கை அடித்துச் சொல்லிவிட்டார். இந்த வருடமும் மிச்சம் வைத்தால் வெள்ளிக்கிழமை வந்து கட்டுக் கட்டிவிடுவாராம். அதாவது செல்வராசுவை ஊருக்கு வெளியே புளியமரத்தில் ஆணி அடித்து நிறுத்திவிடுவது. அதன்பிறகு அவன் இந்த வாசலுக்கு வர முடியாது.

"எனக்கு மட்டும் ஆசையா தம்பி? கூடப் பொறந்தவன். ஆனா சாயங்காலமானா எம்பொண்டாட்டி பிள்ளைக இந்தப் பக்கம் வர மாட்டேங்குதுக" என்றார் பாண்டியண்ணன்.

ஈஸ்வரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வருசத்துக்கு ஒரு நாளாச்சும் வர்றாக. அதையும் அடைக்கணுமா அண்ணே? பிடிச்ச தூள் எதுன்னு தெரிஞ்சா முழுசாக் குடிச்சிட்டுப் போயிருவாகல்ல?"

பாதி என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. ஏனென்றால் அந்தப் பாதி எனக்குத் தெரிந்த பாதி.

மேன்ஷனில் இருந்தபோது எனக்கு அச்சகத்தில் இரவு வேலை. அவனுக்குத் துணிக்கடையில் பகல் வேலை. காலையில் நான் அறைக்கு வரும்போது அவன் கிளம்பிப் போயிருப்பான். சன்னல் மாடத்தில் டம்ளர் இருக்கும், மேலே ஒரு தட்டு மூடியிருக்கும், உள்ளே பாதிக் காப்பி. அவன் பாதி குடித்துவிட்டு எனக்குப் பாதி வைத்துவிட்டுப் போவான். வைத்திருக்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, குடித்தாயா என்று கேட்டதுமில்லை. மேன்ஷன் முழுக்க எங்களுக்கு 'பை டூ' என்றே பெயர்.

"அவன் மிச்சம் வைக்கவில்லை அண்ணே. எனக்கு வைக்கிறான்" என்றேன்.

பாண்டியண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயமாகிவிட்டது. "அப்ப நீங்க குடிச்சிட்டீகன்னா சரியாப் போயிரும்" என்றார். எறும்பு தொடாத காப்பியை நான் குடிக்க வேண்டும். நல்ல ஊருக்கு வந்து மாட்டினேன்.

பயத்தில் எனக்குப் புத்தி வேறு வழியில் ஓடியது. டம்ளரில் ஓட்டை இருக்குமோ? வாங்கித் தண்ணீர் நிரப்பித் தரையில் வைத்துக் காத்திருந்தேன். சொட்டுக்கூட இறங்கவில்லை. சன்னல் கொண்டிகளை ஆட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பரணில் ஏறி டார்ச் அடித்தேன், பல்லி ஒன்று என்னை முறைத்தது. ஈஸ்வரி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படி அலமாரியில் காப்பிப் பாக்கெட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு வரிசையாக நின்றன. பச்சை, தங்கம், சிவப்பு மூடி, எல்லாமே கொஞ்சம் எடுத்துவிட்டு மூடியவை. படையலுக்காக இவ்வளவா வாங்கினாள் என்று நினைத்தேன். என் நான்கையும் அவற்றோடு வைத்துவிட்டு, "எதை வேண்டுமானாலும் போடும்மா, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்றேன்.

உச்சிப்பொழுதில் படையல் போட்டார்கள். செல்வராசுவின் படத்துக்கு முன்னால் இலை விரித்துப் பரிமாறினார்கள். ஈஸ்வரி காப்பியை நுரை கட்ட ஆற்றி, விளிம்பு தொட ஊற்றி வைத்தாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். பாண்டியண்ணன் கதவைச் சாத்தி நாதாங்கி போட்டார்.

வெளியே காற்று வாசல் கூரைத் தகரத்தைப் பிய்த்துவிடுவது போல் அடித்தது. தென்னை மட்டை ஒன்று ரோட்டில் உருண்டு போனது. ஆனால் கதவில் காதை வைத்துப் பார்த்தேன், உள்ளே கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி ஓர் அமைதி. அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்றார்கள். ஈஸ்வரி என் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"உசுரோட இருந்தப்பவும் இப்புடித்தாண்ணே. பாதி குடிச்சிட்டு, டம்ளரை அடுப்படி நெலைகிட்ட வச்சிட்டுத் தோட்டத்துக்குப் போயிருவாக. ஏழு வருசம். பிடிக்கலையாக்கும்னு சின்னமனூர் போய் வேற பாக்கெட்டு வாங்கியாருவேன். அதுலயும் பாதி. நீங்க பாத்தீகளே அலமாரில, அம்புட்டும் அப்ப வாங்குனதுதான். என்னடா இது, நம்ம கையில போட்ட காப்பிய ஒரு நாளாச்சும் முழுசாக் குடிக்க மாட்டேங்கிறாகளேன்னு அழுதிருக்கேன். கேக்கவும் ரோசமா இருந்துச்சு."

"அந்த மிச்சத்தை என்ன செய்வாய்?"

"ஊத்திருவேன். வேற என்ன செய்ய?"

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாண்டியண்ணன் நாதாங்கியை எடுத்துவிட்டார்.

விளக்கு ஆடாமல் எரிந்தது. இலையில் சோறு அப்படியே இருந்தது, வடை அப்படியே இருந்தது. காப்பி டம்ளரில் சரியாகப் பாதி இறங்கியிருந்தது. நுரை விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்தது, ஓரிடத்தில் மட்டும் உதடு வைத்த அகலத்துக்குத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது.

"எடுங்க தம்பி" என்றார் பாண்டியண்ணன்.

குனிந்து கையை நீட்டினேன். பிறகு மடக்கிக்கொண்டேன்.

"இது எனக்கு இல்லை அண்ணே" என்றேன். "ஈஸ்வரி, உனக்குத்தாம்மா. பாதி குடித்துவிட்டுப் பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்கு வைத்துவிட்டுப் போவான், வாயைத் திறந்து சொல்ல மாட்டான். மெட்ராஸில் எனக்கு வைத்தான். இங்கே ஏழு வருடமும் உனக்குத்தான் வைத்திருக்கிறான். இப்போதும் உனக்குத்தான் வைக்கிறான்."

அவள் அசையாமல் நின்றாள். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏழு வருடமும் அதில் ஒரு தடவை ஓடி நின்றது. பிறகு படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டம்ளரை எடுத்து, நுரை கலைந்திருந்த அந்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தாள். பாண்டியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"சூடா இருக்குண்ணே" என்றாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் ஊற்றி வைத்த காப்பி. நான் டம்ளரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினேன். பாண்டியண்ணன் பைக்கில் சின்னமனூர்வரை கொண்டுவந்து விட்டார். கோடங்கியை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். எனக்கு நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தேனி நிலையத்தில் சென்னை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பொறாமையாக இருந்தது. செத்துப்போனவன் வைக்கிற பாதிக்கு நான் ஆள் இல்லை என்ற பொறாமை. எங்கள் வீட்டில் என் மனைவிக்குச் சிவப்பு மூடி, எனக்கு ஃபில்டர். ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு அறை. யாரும் யாருக்கும் மிச்சம் வைக்க வேண்டிய அவசியமில்லாத வீடு.

நாலரை மணிக்கு ஈஸ்வரி அழைத்தாள்.

"பஸ் ஏறிட்டீகளா அண்ணே?"

"இன்னும் இல்லை. நீ என்ன செய்கிறாய்?"

"நாலு மணிக்குக் காப்பி போட்டு நெலைகிட்ட வச்சேன். பாதி வச்சிருக்காக. ஆறுறதுக்குள்ள குடிக்கணும்."

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நான் செய்தது நல்லதா, கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கவனமாக இரு என்று என்னத்தையோ உளறினேன். டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. அடுத்த வருசம் திதிக்கு நீங்க வர வேணாம். நீங்க இருந்தா அவுகளுக்கு வெக்கமா இருக்கும்."

"சரிம்மா" என்றேன்.