சைலஸ் போக முடியாத வாசல்

ஆஷ்காம் பங்களாவின் கல் வாசலைக் கண்டாலே கெசியாவுக்கு வயிறு எரியும். வாசல்காரன் சைலஸுக்கு வாழ்க்கைப்பட்டு, வாசல் வளைவுக்கு உட்புறம் ஒட்டிய அந்த ஓதம் பிடித்த காவல் வீட்டுக்கு வந்தவள். மணி அடித்தால் அடுப்பில் சூப் பொங்கி வழிந்தாலும் கதவு திறக்க ஓட வேண்டும், வண்டி போகும்வரை முழங்கால் மடக்கிக் கும்பிட வேண்டும். ஒரு துரையாவது திரும்பிப் பார்த்திருப்பானா? மூச்!

சைலஸோ நேர்மாறு. பிள்ளைக்குத் தலை சீவுகிற மாதிரி கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவான். வேட்டை முடிந்து வரும் துரைமார்களுக்காகக் கொட்டும் மழையில் காத்து நின்றான், சளி நெஞ்சில் இறங்கிச் செத்தான். "என்னை இந்த வாசல் வழியாவே தூக்கிட்டுப் போகச் சொல்லு" என்பதுதான் அவன் கடைசியாகக் கேட்டுக்கொண்டது.

கல்லறைத் தோட்டம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். ஆனால் அந்த வளைவுக்குக் கீழே துரை வீட்டுச் சவப்பெட்டி மட்டுமே போகும். வேலைக்காரன் பெட்டி பண்ணைச் சந்து வழியாக ஊரையே சுற்ற வேண்டும்.

எஸ்டேட் மேனேஜர் பெல்லிங் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். "வழக்கம் உனக்குத் தெரியாததா, கெசியா? சந்து வழியாக் கொண்டுபோங்க."

"அந்தச் சேத்துல பன்னி போகும். என் புருஷன் போகமாட்டார்."

"தூக்குறவங்க யார் வீட்டுல குடியிருக்காங்கன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

மறுநாள் காலையில் கெசியா இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தாள். பெட்டியைத் தோளில் ஏற்றிய ஆட்கள் வளைவருகே வந்ததும் நின்றார்கள். முன்னால் நின்ற மாட்டுக்காரன் ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, எனக்குப் புள்ளைகுட்டி இருக்கு. வீட்டை விட்டுத் துரத்திடுவாங்க."

"நேத்து அவர் பேரைச் சொல்லி என் பீரை மொடக்மொடக்னு குடிச்சியே, அப்ப புள்ளைகுட்டி இல்லையாடா?"

பெட்டி சந்துப் பக்கம் திரும்பியது.

"போங்கடா, துரை காலை நக்கப் பொறந்தவனுங்களா!"

கெசியா தனியாக வாசலைக் கடந்து போய்க் குழியருகே நின்றாள். வெகுநேரம் கழித்து, முழங்கால்வரை சேறோடு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். போதகர் ஜெபித்து முடித்ததும் ஆம்ப்ரோஸ் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தான்.

கெசியா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "கீழே போடு. துரைகிட்ட கேட்டுட்டியா?"

மண் அவன் பூட்ஸ் மேலேயே கொட்டியது. அவன் அழுதான். அவளுக்குத் துளி இரக்கம் வரவில்லை. குழி வெட்டியவனிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, குழியை அவள் ஒருத்தியே மூடினாள்.