தாம்பூலப் பையில் ஒரு நிரல்

என் அப்பா ரகுபதி முப்பத்தொரு வருடம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்த்தார். ஓய்வு பெற்ற மறுவாரம் நிரல் எழுதக் கற்றார். யாரோ இணையத்தில் இலவசமாக விட்டிருந்த பஞ்சாங்க நிரலை எடுத்து, ராகு காலத்தைச் சிங்கப்பூர்ச் சூரியனுக்கு ஏற்ப ஒரு மணி நேரம் தள்ளித் திருத்தினார். பிறகு அதை யுஎஸ்பியில் ஏற்றி, என் கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு போட்டு முந்நூறு பேருக்குக் கொடுத்தார்.

நான் மென்பொருள் பொறியாளர். மணமேடைக்குப் போகும் வழியிலேயே எச்சரித்தேன்.

“அப்பா, அந்த நிரலோட லைசென்ஸ்படி காப்பி குடுத்தா சோர்ஸ் கோடும் குடுக்கணும்.”

“கேக்கறவங்களுக்குக் குடுப்பேம்மா. நீ மாலையச் சரி பண்ணு.”

ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டும் அடித்து வைத்திருந்தார்: ‘மூன்று ஆண்டுகளுக்குள் கேட்போருக்கு இந்நிரலின் சோர்ஸ் கோடு (நிரலை எழுதிய மூல வரிகள்) தருவேன். ரகுபதி.’ கீழே எங்கள் செங்காங் முகவரி.

யாரும் கேட்கவில்லை. அப்பா ஏப்ரலில் இறந்தார். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கையில் அம்மாவின் அண்ணன் நடேசன் மாமா போன் செய்தார்.

“கவி, அந்த சோர்ஸ் கோடு எனக்கு வேணும்.”

“அது எதுக்குன்னு தெரியுமா மாமா?”

“தெரியாது. ஆனா தரேன்னு மனுஷன் எழுதியிருக்காரே. வாங்கலன்னா மரியாதை இல்ல லா.”

கொடுத்த காப்பி எந்தச் சோர்ஸ் கோடிலிருந்து உருவானதோ, அதையே தர வேண்டும். அப்பாவின் கணினியில் இருபத்து மூன்று கோப்புறைகள்: கடைசி, கடைசி2, உண்மையான கடைசி, இதுதான் கடைசி. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. கல்யாணக் காப்பியில் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு ராகு காலம் வருவதில்லை. ‘டீ நேரம்’ என்று வருகிறது.

“ஏதாவது ஒண்ணக் குடுத்துடுடி. எங்கண்ணனுக்கு டிவி ரிமோட்டே பிடிக்கத் தெரியாது” என்றார் அம்மா.

“முடியாதும்மா. அப்பா எழுதிக் குடுத்திருக்கார்.”

அம்மா சமையலறைக்குப் போய் மசாலா டப்பாக்களை இறக்கினார். அப்பா நிரலின் வரிகளை அச்சடித்து, எம்ஆர்டி ரயிலில் சிவப்புப் பேனாவோடு படிப்பார். படித்த தாள்களை அம்மா அலமாரித் தட்டுகளில் விரித்துவிடுவார். அறுபத்திரண்டு பக்கங்கள் கிடைத்தன. நாற்பதாம் பக்கத்தில், மஞ்சள் கறைக்குப் பக்கத்தில், குறிப்பு: ‘செவ்வாய் நான்கு மணி. பாக்கியம் டீ போடுவாள். ராகு காத்திருக்கட்டும்.’

பாக்கியம் என் அம்மா. இரண்டு முறை படித்தார்.

“வெக்கமே இல்ல இந்த மனுஷனுக்கு. இதப் போய் முந்நூறு பேருக்கா குடுத்தாரு?”

ஐந்து நாள் உட்கார்ந்து தட்டெழுதினேன். ஓட்டினேன். டீ நேரம் வந்தது.

கடைசி நாள் சனிக்கிழமை. சிராங்கூன் சாலையில் மாமா வழக்கமாகச் சாப்பிடும் கடையில் யுஎஸ்பியை நீட்டினேன். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பத்தரை மணி. ராகு காலம் லா. பதினொன்றரைக்கு மேல குடு.”

“மாமா, இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

“பதினொன்றரையும் இன்னிக்குத்தானே? உங்கப்பா ப்ரோக்ராம்ல பாத்துட்டுத்தான் வந்தேன்.”

ஒரு மணி நேரம், ஆளுக்கு இரண்டு தோசை. பதினொன்று முப்பத்திரண்டுக்கு மாமா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சரி, இத வச்சு என்னம்மா பண்றது?”

சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று லைசென்ஸில் இல்லை. திங்கட்கிழமை லேப்டாப்போடு அவர் வீட்டுக்குப் போனேன்.