மணிக்கட்டுக்கு ஏற்ற மரம்

அஞ்சலகத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்திக் குத்தியே ஓய்வு பெற்றவளைத் தெருவில் எல்லோரும் முத்திரையம்மா என்றுதான் அழைத்தார்கள். முப்பது வருட சேவைக்கு அலுவலகம் அவளுக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்பியது. வலது மணிக்கட்டு போனது கணக்கில் வரவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட அந்தக் கை மறுத்தது.

கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் டாக்டர். கணவர் அதைச் சிரமேற்கொண்டார். சமையல், துணி, பாத்திரம் இவை மூன்றும் நீங்கலாக வேறெந்த வேலையும் அவள் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவளுக்கோ பறவைகளைச் செதுக்க ஆசை. கடைத்தெரு மாடியில் சிற்ப வகுப்பு நடத்திய மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தாள். வருகிறவர் பயில்வானா நோஞ்சானா என்றெல்லாம் அவர் பாகுபாடு பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே கருங்காலிக் கட்டை, உளியை அடிக்க ஒரே கனத்த கொட்டாப்புளி. இளகின மரமாக ஏதாவது கிடைக்குமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கலைன்னா வலிக்கத்தாம்மா செய்யும்" என்றார், வலி என்னவோ தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி.

கொட்டாப்புளியை மூன்றாம் தடவை ஓங்கியபோது கை பிடியை விட்டது. நழுவிய கொட்டாப்புளி நேராகப் போய் அலமாரியில் இருந்த மாஸ்டரின் பரிசு பெற்ற குதிரையின் காதைப் பெயர்த்தது. இந்தக் கைக்குக் கோலம் போடுவதே அதிகம் என்று மற்ற மாணவர்கள் முன்னால் சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவ எடுத்த புது சோப்பில் நகம் மெத்தென்று இறங்கியது. காய் நறுக்கும் சின்னக் கத்தியை எடுத்து வந்தாள். பொழுது சாய்வதற்குள் ஒரு குண்டுக் குருவி உட்கார்ந்திருந்தது. மணிக்கட்டு முனகவே இல்லை.

பார்க்க வந்த நாத்தனாருக்கு மட்டும் சந்தேகம்.

"தண்ணி பட்டா கரைஞ்சுடுமே, அண்ணி?"

"கரையட்டும். இன்னொண்ணு செதுக்கிக்கிறேன்."

சோப்பு பழகிய பிறகு மரக்கடைக்குப் போனாள். நகத்தால் கீறினாலே தடம் விழுகிற லேசான கட்டைகளாகப் பொறுக்கினாள். கடைக்காரர் அவற்றை அடுப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததால், வாங்குகிறவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கட்டையைக் கையில் பிடிக்காமல் மேசையில் ஒரு பிடிப்பானில் இறுக்கினாள். உளியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கினாள். இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் போயிற்று. அடிப்பதை விட்டுவிட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி உடம்பால் மெதுவாகத் தள்ளினாள். உளி மழுங்கினால் கைதான் அழும் என்பதால் அடிக்கடி தீட்டிக்கொண்டாள். கை களைத்தால் எழுந்துவிடுவாள். கணவர் இதையெல்லாம் நண்பர்களிடம் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் சிற்ப மாஸ்டர் வாசலில் நின்றார். வலது மணிக்கட்டில் தடித்த பட்டை.

"நம்ம வகுப்புல ஒரு பையனுக்குக் கை வலி. நீங்க என்னமோ பண்றீங்களாமே."

பையனின் வலி பட்டையோடு வாத்தியார் கைக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வாய் துறுதுறுத்தது நிஜம். உள்ளே அழைத்து உட்காரவைத்து, ஒரு லேசான கட்டையைப் பிடிப்பானில் இறுக்கி, டியூப் சுற்றிய உளியை நீட்டினாள்.

"இதெல்லாம் ஒரு மரமா?" என்று முனகியபடியே தள்ளினார். சுருள் சுருளாகச் சீவல் வந்தது. அடுத்த சீவலுக்குக் குனிந்தார். அவள் எதிரில் தன் மர வாத்தின் கழுத்தைச் சீவிக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள், கை களைத்துப்போகும் என்று அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சந்தாம்மா" என்றார்.