மணல் மேட்டுக்கு வைத்த சிவப்புப் பொட்டு

அடையாறு கடலில் சேருகிற இடத்தில் எங்கள் குப்பம். பக்கத்து மணல் மேட்டில்தான் நெத்திலி காயவைப்போம். அபிராமபுரத்தில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேளுங்கள், என் கருவாட்டுக்குக் காத்திருப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டுமே.

பறவைக்கும் ஆமைக்கும் இடம் ஒதுக்கப் போகிறோம் என்று வனத்துறை ஆபீஸிலிருந்து வந்து, சமுதாயக் கூடத்தில் பெரிய படம் விரித்தார்கள். எங்கள் ஆறு, மணல் எல்லாம் வானத்திலிருந்து எடுத்தது. சின்ன வயசு அதிகாரியம்மா ஒருத்தி ஒட்டுப்பொட்டு மாதிரி வட்டக் காகிதம் கொடுத்தாள்.

"சிவப்பு ஒட்டினா ஜனங்க போகக் கூடாத இடம். பச்சை ஒட்டினா உங்க பொழப்புக்கு வேணுங்கற இடம்."

அந்த நேரம் பார்த்துச் சமோசா வந்தது. பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை. மீதிப் பேருக்கு விழுந்தும் ஏறவில்லை. புது வலையோ புதுப் படகோ, குங்குமம் வைத்துத்தானே பழக்கம்? படத்தில் மணல் மேட்டின் மேல் முதல் சிவப்பை நான்தான் ஒட்டினேன். எல்லோரும் ஒட்ட, மேடு செக்கச்செவேலென்று ஆனது. மிச்சமிருந்த பச்சையை ஆமை முட்டையிடுகிற பக்கம் ஒட்டிவிட்டு வந்தோம்.

கொஞ்ச நாளில் மேட்டைச் சுற்றிக் கம்பு நட்டார்கள். "உள்ள வராதீங்க, நீங்களே கேட்டதுதான்" என்றார்கள். மருமகள் கூடையோடு நின்று அழுதாள்.

"நீதானே அத்தே மொதல்ல ஒட்னே!"

"ஒட்னேன், இன்னா இப்போ? உங்க ஊட்ல நல்ல காரியத்துக்குப் பச்சைப் பொட்டா வைப்பாங்க?"

அதிகாரியம்மாவை வரவழைத்தோம். "தோ பாரு கண்ணு, பொட்டு தப்பில்ல. நீ சொன்ன கலருதான் தப்பு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் மேட்டைப் பார்த்தாள். பழைய வாசனைக்கு வந்த கொக்குகள் கூட்டமாய் நின்றன.

"பறவையும் இங்கதானே இருக்கு, பாட்டிம்மா?"

"இருக்காதா பின்னே? எங்க மீனைத் துண்ணு வளந்ததுங்க."

யோசித்து முடிவு சொன்னாள். ஆமை முட்டையிடுகிற காலத்தில் அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. மேட்டில் நாங்கள் காயவைக்கலாம். ஆனால் கொக்கை விரட்டக் கூடாது.

"அதுக்கும் பங்கா?"

"பங்கா, கம்பா, நீங்களே சொல்லுங்க."

கம்பைப் பிடுங்கினார்கள். மருமகள் நெத்திலியைப் பரப்பினாள். ஒரு கொக்கு அவசரமே இல்லாமல் நடந்து வந்து, இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து எடுத்தது. அதிகாரியம்மா என் கையைப் பார்த்தாள். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.