அக்காவின் கன்னத்துக்குப் பூக் கேட்டது

அம்மை வார்த்து எழுந்தபோது அக்காவின் இரண்டு கன்னங்களிலும் குழிகள் தங்கிவிட்டன. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அதைத் தழும்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாரியாத்தா போட்ட முத்து என்பார்கள். அப்படிச் சொன்ன வாயோடு பெண் பார்த்துவிட்டுப் போய், அப்புறம் ஆளே அனுப்பாமல் இருந்துவிடுவார்கள்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து இன்னொரு வரன் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அந்த வாரச் சந்தையில் அம்மா ஒரு வைத்தியரைப் பிடித்துவிட்டாள். முந்திரிக்கொட்டை ஓட்டில் இறக்கிய எண்ணெயில் பச்சிலை அரைத்துப் பூசுவாராம். தோல் கறுத்து, பாம்புச் சட்டைபோல உரிந்து, அடியிலிருந்து புதுத்தோல் வருமாம்.

"நம்மூட்டுல பள்ளிக்கூடம் போனவன் நீ ஒருத்தன்தான். பண்ணலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு சாமி" என்றாள்.

பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நான் படித்த பாடத்தில் கங்கை எங்கே பிறக்கிறது என்று இருந்தது. அக்காவின் கன்னம் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

வைத்தியர் மேற்கே மலையாளம் பேசுகிற பக்கமிருந்து வந்தவர். எரியுமா என்று கேட்டேன். "கொஞ்சம் எரியும். பேடிக்கண்டா, மோனே" என்று, பயப்படாதே என்பதுபோலத் தோளில் தட்டினார். குழி நிரம்புமா என்றேன். புதுத்தோல் வரும் என்றார். மறுபடியும் கேட்டேன்; மறுபடியும் அதையே சொன்னார். இங்கே யாருக்காவது பூசியிருக்கிறீர்களா என்றதற்கு, பக்கத்து ஊர்ச் செக்குக்காரர் மருமகளைக் கைகாட்டினார்.

எண்ணெய் வாங்கும் சாக்கில் அக்காவும் நானும் அங்கே போனோம். அந்தப் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள்.

"எண்ணெய்க்கா வந்தீங்க அம்மிணி? போசி எங்க? தாவணில மோந்துட்டுப் போறீங்களா?"

பாத்திரம் எடுத்துவர மறந்திருந்தோம். அக்கா சிரித்துவிட்டாள். அதன் பிறகு சாக்கு எதுவும் தேவைப்படவில்லை.

"எனக்கு இருந்தது மங்குங்க. கன்னமெல்லாம் கருப்பா கெடந்துச்சு. அது போயிருச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா இங்க பாருங்க." காதோரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். காசளவுக்கு வெளுத்திருந்தது. "வெயில்ல நின்னா மொளகா அரைச்சுப் பூசுனாப்புல எரியுதுங்க. நாங்க நெழல்ல செக்காட்டறவங்க, எப்படியோ ஓடுது. நீங்க?"

"எங்களுக்குக் கடலக்காடுங்க" என்றாள் அக்கா.

"அய்யோ" என்றாள் அந்தப் பெண். பிறகு அக்காவின் விரலைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள். "இது எனக்கு அம்மையில வந்த குழி. அதுக்கு மேலயுந்தான் பூசுனாரு. போச்சான்னு நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்த விரலால் அக்கா தன் கன்னத்தையும் தொட்டுக்கொண்டாள்.

வீட்டில் அம்மா எங்களுக்காகக் காத்திருந்தாள். விசாரித்து வந்ததை நாங்கள் சொல்வதற்குள், மாரியாத்தா போட்ட முத்தை ஆத்தாவைக் கேட்காமல் உரிக்கலாமா என்றாள். எங்களையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அம்மன் சம்மதித்துவிட்டாள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள்.

படித்தவன் என்ற மிதப்பில் அந்த அழுகை எனக்கு அப்போது புரியவில்லை. அக்கா அம்மையில் கிடந்தபோது வேப்பிலையும் கையுமாகப் பக்கத்திலேயே இருந்தவள் அவள். மகளின் உயிரைக் கேட்டு வாங்கினோம், அப்போதே முகத்தையும் சேர்த்துக் கேட்காமல் போனோமே என்று அத்தனை வருஷமும் அவளுக்கு உறுத்தியிருக்கும்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா பேசினாள்.

"ஆத்தா பண்ணிக்கலாம்னுதான சொல்லியிருக்குறா. பண்ணியே ஆகோணும்னு சொல்லலையேம்மா."

"என்னடி பேசற?"

"குழி அப்படியேதாம்மா இருக்கும். தொட்டுப் பார்த்துட்டுத்தான் வாரேன். அதுக்கு மேல வெள்ளையும் படிஞ்சு, வெயிலும் ஆகாதுன்னா நான் எந்தக் காட்டுல நிக்கட்டும்? மங்கா இருந்தா நானும் யோசிப்பேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா சொல்வதுதான் சரி என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்கு இவனை அனுப்புனதுக்கு இவளை அனுப்பியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா விடுவிடுவென்று முன்னால் நடந்தாள்.

மருந்தை அவள் சந்தையிலேயே ஒரு கொட்டாங்குச்சி வாங்கி வைத்திருந்தாள். வீணாகப் போவானேன் என்று அப்பா அதை எடுத்துக் காளையின் கழுத்து மருவில் தடவினார்.

பொள்ளாச்சிக்காரர்கள் வந்தார்கள். அக்கா பவுடர்கூடப் பூசாமல் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். பலகாரம் நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆள் அனுப்பவில்லை. அம்மா அக்காவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அக்கா யாரும் பார்க்காதபோது அழுதிருப்பாள். காலையில் கண் வீங்கியிருந்ததைப் பார்த்தேன்.

இதற்குள் காளையின் மரு கறுத்து உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் மயிர் முளைத்தபோது வெள்ளையாக முளைத்தது. செவலைக் கழுத்தில் சுண்ணாம்பு வைத்தமாதிரி தூரத்திலிருந்தே தெரியும். ஒரு நாள் தண்ணீர் காட்டப் போன அம்மா அதைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உள்ளே வந்து, முறத்தோடு உட்கார்ந்திருந்த அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, குழிகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

"மாட்டுக்கு ஒத்துக்கிச்சும்மா" என்றாள் அக்கா. "அதையுந்தான் யாரும் பொண்ணுப் பார்க்க வாரதில்லையே."

அம்மா சிரிக்கக்கூடாது என்று பார்த்தாள். முடியவில்லை.